ஊரில் வலிப்பு மாத்திரை வாங்கிய கதை

இந்த முறை ஊரில் தங்கல் நினைத்ததைவிட நீண்டுவிட்டது. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, அப்புறம் ஓய்வு என்று டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனதில், கையோடு கொண்டுவந்த வலிப்பு மாத்திரை குறைந்துகொண்டே வந்தது. நான் கார்பமாசெபைன் எடுப்பவன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரண்டுமே வயிற்றில் மெதுவாகக் கரையும் சிஆர் (CR) வகை. மருந்து வாங்குவது, டாக்டரைப் பார்ப்பது, பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பது எல்லாம் அங்கே எப்படி இருந்தன என்று எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. நம்மில் நிறையப் பேர் இந்த மாதிரி மாத்திரைகளோடுதான் விமானம் ஏறுகிறோம்; வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

முதலில் மருந்துக்கடை. பழைய அட்டையை நீட்டினேன். கடையில் இருந்த தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார், வேறு நிறத்தில் ஒரு அட்டையோடு வந்தார். "அதே 200தான் சார், கம்பெனி மட்டும் வேற." அட்டையில் மருந்தின் பெயர் சரியாக இருந்தது, 200 மி.கி. என்பதும் சரி. சிஆர் என்ற இரண்டு எழுத்து மட்டும் இல்லை. கேட்டதற்கு, "உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதானே சார்" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. காய்ச்சல் மாத்திரைக்கு அது சரியான பதில்தான்.

வலிப்பு மாத்திரைக்கு அது போதாது. சாதாரண கார்பமாசெபைன் சீக்கிரமாகக் கரைந்து ரத்தத்தில் ஏறும். சிலருக்கு அந்த நேரத்தில் தலைசுற்றும், எழுத்து இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும். பிறகு அளவு இறங்கும். அடுத்த வேளை வருவதற்குள் வலிப்பைத் தடுக்கும் அளவுக்குக் கீழே போய்விடவும் கூடும். அதனால்தான் சாதாரண வகையை நாளைக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். சிஆர் வகைக்கு இரண்டு வேளை போதும். இரண்டு வேளைக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு சாதாரண மாத்திரையை விழுங்கினால் மேலே ஏறும் தொல்லையும் உண்டு, கீழே இறங்கும் தொல்லையும் உண்டு. சிஆர் மாத்திரையை மெல்லக் கூடாது, பொடி செய்யக் கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான். பாதியாக உடைக்கலாமா என்பது தயாரிப்பைப் பொறுத்தது: சிலவற்றில் நடுவில் கோடு போட்டிருப்பார்கள், அவற்றை உடைக்கலாம்; சிலவற்றை உடைக்கவே கூடாது.

கம்பெனி மாறுவதும் சின்ன விஷயமில்லை. பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013-இல் வலிப்பு மருந்துகளை மூன்று வகையாகப் பிரித்தது. கார்பமாசெபைன், ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிடால், ப்ரிமிடோன் நான்கும் முதல் வகை: ஒரு தயாரிப்பாளரின் மருந்தில் நிலைத்துவிட்டவரை அதிலேயே வைத்திருக்க வேண்டும். வால்ப்ரோயேட், லமோட்ரிஜின் போன்றவற்றில் நோயாளியின் நிலையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யலாம். லெவெடிராசிட்டம், கபாபென்டின் போன்றவற்றில் பொதுவாகக் கம்பெனி மாறினாலும் பரவாயில்லை. இந்தப் பிரிவினை ஏதோ அதிகாரிகளின் அதிஜாக்கிரதை என்று நினைப்பவர்களுக்கு 1968-இல் ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொல்வேன். ஃபெனிட்டாயின் எடுத்துக்கொண்டிருந்த பலருக்குத் திடீரென்று மருந்து அதிகமானதன் அறிகுறிகள் வந்தன. காப்ஸ்யூலில் மருந்தின் அளவு மாறவே இல்லை. அதோடு நிரப்புவதற்காகச் சேர்க்கும் கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் சேர்த்திருந்தார்கள். அதனால் உடம்பு உறிஞ்சிய மருந்தின் அளவு எகிறிவிட்டது. ஃபெனிட்டாயினில் ஒரு எல்லைக்கு மேல் டோஸைக் கொஞ்சம் கூட்டினாலே ரத்த அளவு தாறுமாறாக ஏறும் என்பதால் பாதிப்பு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

அந்தத் தம்பியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "சிஆர் இல்லாம எனக்கு வேண்டாம் தம்பி, இதே கம்பெனி வரவழைக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். சலிக்காமல் மொத்த விற்பனையாளருக்கு அங்கேயே போன் போட்டார். மறுநாள் மாலை அதே அட்டை வந்துவிட்டது. நான் வசிக்கும் நாட்டில் மருந்தாளுநர் இந்தக் கேள்வியை அவரே எழுப்பியிருப்பார், ஆனால் சரக்கு வர அதைவிட அதிக நாள் ஆகியிருக்கும். எது மேல் என்று கேட்டால், இந்த மருந்தைப் பொறுத்தவரை மருந்தாளுநரே கேட்பதுதான். வேகம் நல்லதுதான், ஆனால் தவறான அட்டை வேகமாகக் கிடைத்து என்ன பயன்?

சீட்டு இல்லாமலே தரத் தயாராக இருந்தார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். நான் டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தேன். விமான நிலையத்தில் கேட்டால் காட்டவும் அது வேண்டும்.

நரம்பியல் டாக்டரின் அறையில் கூட்டம் நெரிந்தது. காத்திருப்பு நீளம், பார்க்கும் நேரம் குறைவு என்பது எல்லோரும் சொல்லும் புகார். எனக்கும் காத்திருப்பு நீளமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட வீணில்லை. எந்த வகை வலிப்பு, கடைசியாக எப்போது வந்தது, தூக்கம் எப்படி, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள், வலி மாத்திரை உட்பட. வகையைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புக்குக் கார்பமாசெபைன் நன்றாக வேலை செய்யும். சில நொடிகள் நினைவு தப்பி வெறித்துப் பார்க்கும் வகையையும், உடம்பு திடுக்கிட்டுத் துள்ளும் வகையையும் அதுவே மோசமாக்கிவிடலாம். பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் கேட்ட மாத்திரை என்று இன்னொருவர் வாங்கிப் போடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

சீட்டில் மருந்தின் பொதுப்பெயர், அளவு, சிஆர், கம்பெனி பெயர் எல்லாவற்றையும் எழுதி, மாற்றித் தரக் கூடாது என்று அடிக்கோடு போட்டார். அவராகவே எழுதினார், நான் கேட்கவில்லை.

அதற்கு முன்னால் தொண்டை வலிக்கு ஒரு சின்ன கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கே எழுதியது கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக். கல்லீரலில் கார்பமாசெபைனைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடும். சில நாளில் கார்பமாசெபைன் ரத்தத்தில் தேங்கி நஞ்சாகும் அளவுக்குப் போகலாம். எரித்ரோமைசினும் அப்படித்தான், பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோலும் கூட்டும், கிரேப்ஃப்ரூட் சாறும் கூட்டும். என் மாத்திரையின் பெயரைச் சொன்னதும் அந்த டாக்டர் பேனாவை நிறுத்தினார், எழுதிய வரியின் குறுக்கே ஒரே கோடு, கீழே அமாக்சிசிலின். "முதல்லயே சொன்னீங்களே, நல்லதாப் போச்சு" என்றார். அவர் கேட்டிருக்க வேண்டும் என்று வீட்டில் கோபப்பட்டார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அத்தனை பேரை வரிசையாகப் பார்ப்பவர் கேட்பார் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரானாலும், உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுவது என் பழக்கம்.

பயணம் போகிறவர்கள் இன்னும் சிலவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதுகுவலிக்குத் தரும் டிரமடால் வலிப்பைத் தூண்டலாம். வயிற்றுப்போக்குக்குச் சர்வசாதாரணமாக எழுதப்படும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் அந்தக் குணம் உண்டு. மலேரியா தடுப்புக்கு மெஃப்ளோகுவின் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. எதிர்ப்பக்கமும் இருக்கிறது: கார்பமாசெபைன் கல்லீரலை முடுக்கிவிடுவதால் மற்ற மருந்துகள் சீக்கிரம் சிதைந்துபோகும். கருத்தடை மாத்திரை வேலை செய்யாமல் போகலாம், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினின் பலம் குறையலாம், டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் அளவும் குறையும். முடுக்கப்பட்ட கல்லீரல் கார்பமாசெபைனையே வேகமாகச் சிதைக்கும் என்பது இதில் வேடிக்கை. ஆரம்பித்த சில வாரங்களில் அளவு தானாக இறங்குவதும், டாக்டர் டோஸை மறுபடி கூட்டுவதும் அதனால்தான்.

ரத்தப் பரிசோதனையில் ஊருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன், ஒரு குறையோடு. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள், அன்று மாலையே முடிவு போனில் வந்துவிட்டது. ஆனால் வந்தவர் சாப்பிட்டீர்களா என்று கேட்டாரே தவிர, கடைசி மாத்திரை எப்போது போட்டீர்கள் என்று கேட்கவில்லை. மருந்தின் அளவைப் பார்க்க வேண்டுமென்றால் காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். போட்ட பிறகு எடுத்தால் எண் பெரிதாகத் தெரியும், அதைப் பார்த்து டோஸைக் குறைத்தால் வம்பு. அதனால் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து, ஊசி வெளியே வந்ததும் விழுங்கினேன்.

முடிவுத் தாளில் ஒரு பொறி உண்டு. கார்பமாசெபைனுக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை மில்லிலிட்டருக்கு 4 முதல் 12 மைக்ரோகிராம். சில நாடுகளில் இதையே லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்ற வேறு அலகில் அச்சிடுவார்கள். அங்கே எல்லை சுமார் 17 முதல் 51 வரை வரும். இரண்டு நாட்டுத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் அலகைப் பார்க்காவிட்டால் மருந்து நாலு மடங்கு கூடிவிட்டது என்று பயந்துபோவார். சோடியமும் பார்க்கச் சொன்னார் டாக்டர். இந்த மருந்து சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும், வயதானவர்களுக்கும் நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் அதிகமாக. குழப்பம், சோர்வு, வாந்தி என்று தொடங்கி வலிப்பிலேயே கொண்டுபோய் விடலாம்.

புதிதாக ஆரம்பிப்பவர்களைப் பற்றியும் அவரிடம் கேட்டேன், என் சித்தி மகளுக்கு இதே மருந்தைத் தொடங்கப் பேச்சு நடக்கிறது. ஆசிய வம்சாவளியினரில் சிலருக்கு எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருக்கும். அவர்களுக்குக் கார்பமாசெபைன் தோலை உரித்துவிடும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் ஒவ்வாமையைக் கொண்டுவரும் ஆபத்து அதிகம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007-இலேயே ஆசிய வம்சாவளியினருக்கு மருந்தைத் தொடங்குமுன் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லிவிட்டது. பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் முதல் சில மாதங்கள் கண்காணிக்க வேண்டும். காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு என்று எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போய்விட வேண்டும், தோலுக்குக் களிம்பு தடவிக்கொண்டு உட்காரக் கூடாது. கல்யாணப் பேச்சு நடக்கும் பெண் என்பதால் கருத்தரிப்பதற்கு முன்பே வந்து பேசச் சொல்லுங்கள் என்றார். மருந்தை மாற்றுவதா, ஃபோலிக் அமிலத்தை எப்போது தொடங்குவது என்பதெல்லாம் அப்போதே முடிவாக வேண்டியவை. கருவுற்றது தெரிந்த பயத்தில் தானாக மாத்திரையை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

நிறுத்துவது என்றதும் அத்தை ஞாபகம் வருகிறது. "ஃபிட்ஸ் வந்தே எத்தனையோ வருஷம் ஆச்சேப்பா, இன்னும் எதுக்கு இந்த மாத்திரையைக் கட்டி அழற?" மாத்திரை போடுவதால்தான் வரவில்லை அத்தை என்றேன். அவர் சொன்னதில் பாதி சரி. இரண்டு வருடமோ அதற்கு மேலோ வலிப்பே வராமல் இருந்தால் சிலருக்கு மருந்தைக் குறைத்துப் பார்க்கலாமா என்று டாக்டர்கள் யோசிப்பதுண்டு. ஆனால் அது மாதக்கணக்கில், படிப்படியாக. ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரும் நிலைக்குப் போகலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நிற்கவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இதை அத்தைக்கு மட்டுமில்லை, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தேன்: ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கை காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்கணும்.

மாத்திரையைக் குளியலறை அலமாரியில் வைத்திருந்தார்கள், எடுத்து அறைக்குள் மாற்றினேன். ஈரம் ஏறிய கார்பமாசெபைன் மாத்திரை இறுகிப்போய், மூன்றில் ஒரு பங்கு வரை வீரியத்தை இழக்கலாம். வாராந்திர டப்பாவில் பிரித்துப் போடும் பழக்கமுள்ளவர்கள் ஈரப்பதம் அதிகமான ஊரில் அட்டையிலேயே விட்டுவைப்பது நல்லது.

திரும்பும் பயணத்துக்கு டாக்டர் சொன்ன கணக்கு எளிது. விமானத்தில் பழைய ஊர் நேரப்படியே பன்னிரண்டு மணி நேர இடைவெளியைக் காப்பாற்றுவது, இறங்கிய பிறகு நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரமாக நகர்த்திப் புதிய நேரத்துக்கு வருவது. ஒரு வேளை தவறினால் ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. மாத்திரையும் சீட்டும் கைப்பையில்தான், பெட்டியில் அல்ல. தூக்கம் கெடுவதே வலிப்பைத் தூண்டும் என்பதால், நள்ளிரவு விமானத்தை விட்டுவிட்டுப் பகல் விமானத்துக்கு டிக்கெட்டை மாற்றிக்கொண்டேன்.