ஆற்றில் குளித்துவிட்டு எதில் படுப்பது: டென்ட்டா, தார்ப்பாயா, ஹேமக்கா?

பகலெல்லாம் சைக்கிள், சாயங்காலம் ஆற்றிலோ ஏரியிலோ நீச்சல், ராத்திரி திறந்தவெளியில் தூக்கம். கோடையில் இந்த மூன்றையும் ஒரே நாளில் சேர்க்க நினைப்பவர்கள் படுக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது எடையைத்தான். ஒருவருக்கான டென்ட் ஒன்று முதல் ஒன்றரை கிலோ, மெல்லிய தார்ப்பாய் அரைக் கிலோ என்று கணக்குப் போடுவார்கள். ஒரே ஓர் இரவுக்குப் போகிறவருக்கு அந்த அரை அல்லது ஒரு கிலோ வித்தியாசம் பெரிய பாரமில்லை. பாடாய்ப் படுத்துவது ஈரம்தான்: நனைந்த துண்டு, காயாத தலை, கரையோரக் காற்று, விடியற்காலைப் பனி. எனவே எடைப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, எது எந்த ஈரத்தைத் தாங்கும் என்று பார்ப்போம்.

டென்ட்டின் பெரிய பலம் கொசுவலை. அந்தி நேரத்தில் தண்ணீர்ப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். உடை மாற்ற மறைவும் கிடைக்கும். மரமே இல்லாத வெட்டவெளியிலும் நிற்கும். பலவீனம் உள்ளே இருக்கிறது. தூங்குகிறவரின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் இரவு முழுக்க ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். மேகமில்லாத இரவில் டென்ட்டின் வெளித்துணி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டதும் நீர்த்துளிகளாகிவிடும். குளித்த துண்டையும் உள்ளேயே தொங்கவிட்டால் கேட்கவே வேண்டாம், காலையில் எழுந்து உட்காரும்போது உச்சந்தலை துணியில் இடிக்க, கழுத்து வழியாக முதுகுக்குள் சொட்டும். டென்ட் ஒழுகுகிறது என்று புலம்புகிறவர்கள் பலர் சொல்வது இந்தச் சொட்டைத்தான். உள்வலையும் வெளித்துணியும் தனித்தனியாக உள்ள டென்ட்டில் இந்தத் தொல்லை குறைவு, இரண்டு பக்கக் கதவையும் கொஞ்சம் திறந்துவைத்தால் இன்னும் குறைவு. வாங்கும்போது கம்பிகளின் நீளத்தையும் பாருங்கள். மடித்த பிறகும் 40, 50 செ.மீ. இருந்தால் வளைந்த ஹேண்டில்பாரின் நடுவே கட்டும்போது அடங்காது.

தார்ப்பாய் என்று இங்கே சொல்வது சிலிகான் பூசிய மெல்லிய நைலான் துணியை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினால் ஒரு பக்கத்துக்குத் தூண் ஆயிற்று, மறுபக்கத்தைத் தரையில் முளையடித்துக் கட்டலாம். நாலா பக்கமும் காற்று போவதால் கூரையில் நீர் கோப்பது குறைவு. ஆனால் சாரலும் தரைப்பனியும் எட்டிப்பார்க்கும் என்பதால் பெரும்பாலானோர் ஸ்லீப்பிங் பேக்குக்கு மேல் 'பிவி' எனும் நீர்புகா உறையையும் மாட்டிக்கொள்கிறார்கள். சிக்கல் அந்த உறையில்தான். ஈரத்தை வெளியே விடும் துணி என்று விளம்பரப்படுத்துவார்கள். உள்ளே இருப்பதைவிட வெளிக்காற்றில் ஈரப்பதம் குறைவாக இருந்தால்தான் அந்த வித்தை பலிக்கும். மூடுபனி கட்டிய ஆற்றங்கரையில் ஈரம் போக வழியில்லாமல் உறைக்குள்ளேயே தங்கிவிடும். இறகு நிரப்பிய ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் உப்பல் இழந்து சூடும் போய்விடும். செயற்கைப் பஞ்சு அந்த விஷயத்தில் பொறுமைசாலி.

ஹேமக், அதாவது தூளிபோல் தொங்கும் படுக்கை, மரங்களை நம்பியிருக்கிறது. நான்கைந்து மீட்டர் இடைவெளியில் தெம்பான இரண்டு மரங்கள் வேண்டும், மரப்பட்டையை அறுக்காத, கட்டுவதற்கான அகலப் பட்டி வேண்டும். கட்டும்போது பட்டி தரைக்குச் சுமார் 30 டிகிரி சாய்ந்து, படுக்கும்போது உடம்பு குறுக்குவாட்டில் இருந்தால் முதுகு வளையாது. கல், சரிவு, சேறு எதுவும் பொருட்டில்லை. இலைக்கூரையின் கீழே பனியும் குறைவாகவே இறங்கும். ஆனால் முதுகுக்கடியில் ஸ்லீப்பிங் பேக் நசுங்கிவிடுவதால் கீழிருந்து வரும் குளிரைத் தடுக்க ஒன்றுமில்லை. வெளியே தனியாக ஒரு அடிப்போர்வை கட்டினால் எடையில் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு.

நீச்சலுக்கும் இந்தக் குளிருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. குளிர்ந்த நீரைவிட்டு வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரத்துக்கு உடம்பின் உட்சூடு இறங்கிக்கொண்டே போகும். கரையேறியபோது தெம்பாக இருந்தவர் உடை மாற்றிய பிறகுதான் நடுங்க ஆரம்பிப்பார். அந்த நிலையில் நேராகப் படுக்கப் போனால் மூன்றில் ஹேமக்தான் மோசம். மாலை ஐந்து மணிக்கே குளித்து, உலர்ந்த உடை மாட்டி, சூடாக ஏதாவது குடித்து, நடுக்கம் நின்ற பிறகு மேடேறி மிதித்தால் உடம்பு தானே சூடாகிவிடும். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸோடு மட்டும் நீந்தாதீர்கள். அது சீக்கிரம் காயாது, ஈரத்தோடு சீட்டில் உட்கார்ந்தால் தொடை உரிந்துவிடும்.

ஆறா ஏரியா என்பதை நீண்ட நேரம் யோசிக்க வேண்டியதில்லை. கோடையில் ஏரியின் மேல்நீர் வெதுவெதுப்பாகவும் கால் படும் ஆழம் ஜில்லென்றும் இருக்கும். பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் பாசி படர்ந்திருந்தால் இறங்கவே கூடாது, சில பாசிகள் விஷம். ஆற்று நீர் கலந்து ஓடுவதால் சூடு ஒரே சீராக இருக்கும். ஆனால் கனமழைக்குப் பிறகு இழுப்பும் அசுத்தமும் கூடும். தடுப்பணைக்குக் கீழே சுழலும் நீர் நல்ல நீச்சல்காரரையும் விடாது.

எங்கே குளித்தாலும் அங்கேயே படுக்க வேண்டும் என்பதில்லை. இரவில் குளிர்காற்று கனத்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், மூடுபனியும் அங்கேதான் கட்டும். சில பத்து மீட்டர் மேலே போனாலே வித்தியாசம் தெரியும். சட்டமும் கரையில்தான் கெடுபிடி காட்டுகிறது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு முகாமிடும் உரிமையைத் தருகிறது. ஆனாலும் கூட்டம் அதிகமான லோக் லோமண்ட் தேசியப் பூங்காவின் ஏரிக்கரைகள் பலவற்றில் 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வேண்டும். நார்வேயின் 1957 சட்டப்படி, ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளித்தான் கூடாரம் போடலாம். இத்தகைய உரிமையே இல்லாத நாடுகளில் நிலத்துக்காரரைக் கேட்டுவிடுவதே மரியாதை.

கரையிலேயே படுத்தாக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு டென்ட்தான், அதுவும் இரட்டைத் துணி டென்ட். வழியெல்லாம் காடு, இரவும் புழுக்கம் என்றால் ஹேமக். குளித்த பிறகு கால் மணி நேரம் மேடேறத் தயாரான ஆளுக்கு நான் தார்ப்பாயைத்தான் சொல்வேன். பிவியை வீட்டில் விட்டுவிட்டு, தலைக்கு மேல் தொங்கவிடும் ஒரு சின்னக் கொசுவலையும் தரைவிரிப்பும் எடுத்துக்கொண்டால் போதும். துண்டை மட்டும் கூரைக்கு வெளியே கேரியரில் கட்டிவிடுங்கள்.