திருப்பூர் – மதுரை பார்சல் சர்வீஸ்: 3 ஸ்டார்

மதுரையில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். திருப்பூரிலிருந்து பனியன், லெக்கின்ஸ் எல்லாம் இந்த லாரியில்தான் வரும். இரவு புக்கிங் போட்டால் காலையில் குடோனில் இருக்கும், வாடகையும் நியாயம்.

தீபாவளிக்கு முந்தின வாரம்தான் சாயம் வெளுத்தது. எட்டுப் பண்டலில் ஏழுதான் வந்தது. மார்க்கா (எந்தக் கடைச் சரக்கு என்ற அடையாளம்) எழுதிய சாக்கு கிழிந்து, எட்டாவது திருநெல்வேலி சரக்கோடு போயிருக்கிறது. எல்ஆர் என்கிற லாரி புக்கிங் ரசீதைக் காட்டினால், லாரி ஆபீஸில் "வந்துடும்ணே" என்ற ஒரே பதில். சரக்கு மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டியதால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆன்லைன் சீட்டு) வேறு. அது செல்லுபடியாவது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, அதுவும் காலாவதி. ஐந்தாம் நாள் பண்டல் வந்தது. அதற்குள் 'எல்' சைஸ் கேட்டவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.

இப்போது மார்க்காவை இரண்டு பக்கமும் எழுதச் சொல்கிறேன். பண்டிகைச் சரக்கை ஒரு மாதம் முன்பே எடுக்கிறேன், பணம் முடங்கினாலும் சரி. லாரியை மட்டும் மாற்றவில்லை.