340 பவுண்டு கொடுத்து வாங்கிய அக்ரிலிக் கில்ட்

மலை நடைக்குக் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடை) வாங்க நினைப்பவர்கள், முக்கியமாக ஸ்காட்லாந்தில் இருக்கும் நம் ஆட்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். 340 பவுண்டு போயிற்று.

அளவு அனுப்பினால் தைத்துத் தரும் ஆன்லைன் கடை. பெயர் போடவில்லை. சுத்தக் கம்பளி, 13 அவுன்ஸ் (ஒரு கஜத் துணியின் எடை), 8 கஜம் என்று போட்டிருந்தது. வெஸ்ட் ஹைலேண்ட் வே மாதிரி 154 கிலோமீட்டர் நடைக்கு 16 அவுன்ஸ் துணி சுமை, 10 அவுன்ஸ் காற்றில் பறக்கும், 13 சரி. (நடக்க 5 கஜமே போதும், அது வேறு பேச்சு.)

சந்தேகத்தில் சாம்பிள் கேட்டேன். உள்ளங்கை அளவு துண்டு தபாலில் வந்தது. ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் முடி கருகும் நாற்றம், தீயை எடுத்ததும் அணைந்தது, சாம்பல் விரலில் பொடிந்தது. அசல் கம்பளி. நான் வலையில் விழுந்தது அங்கேதான். "பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்தால் 20 பவுண்டு குறைவு" என்றார்கள். அனுப்பினேன், 340.

ஐந்து வாரம் கழித்துப் பார்சல். தூக்கும்போதே தெரிந்தது. இரட்டை அகலத் துணியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து இணைப்பதுதான் வழக்கம். ஆகவே 8 கஜக் கில்டுக்கு 4 கஜத் துணி, 52 அவுன்ஸ், கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. சமையலறைத் தராசு காட்டியது 780 கிராம். நூலை எரித்தால் உருகிக் கறுப்பு மணியாக இறுகியது. அக்ரிலிக், செயற்கை நூல்! மடிப்பு ஒரு அங்குல ஆழம்கூட இல்லை. இடுப்பிலிருந்து பிட்டம் வரை இறக்கித் தைக்க வேண்டியதை இரண்டு விரற்கடையில் நிறுத்தியிருக்கிறார்கள். குந்தி எழுந்தால் மடிப்பெல்லாம் பிரிந்து தொங்குகிறது. கீழ் ஓரம் நெய்த கரையாகவே இருக்க வேண்டும், இதில் மடித்து அடித்த தையல். மழையில் நனைந்தால் அந்தத் தையல் முட்டியின் பின்பக்கத்தை உரசியே தோலை எடுத்துவிடும். கேம்ப் அடுப்பில் ஒரு பொறி பட்டால் உருகித் தொடையில் ஒட்டும்.

புகார் அனுப்பினேன். கடையின் முதல் மெயில்: "ஒருதரம் துவைத்தால் படிந்துவிடும்." அக்ரிலிக்கைத் துவைத்தால் கம்பளி ஆகிவிடுமா? இரண்டாவது: "வெளிச்சத்தில் அப்படித் தெரியும்." தராசுக்குமா? மூன்றாவது: "உங்கள் அளவுக்குத் தைத்தது, ரிட்டர்ன் கிடையாது." பாதிதான் உண்மை. அளவுக்குத் தைத்ததற்கு, ஆன்லைனில் வாங்கினால் கிடைக்கும் 14 நாள் ரத்து உரிமை இல்லை, சரி. சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். அதை எழுதிய பிறகு பதிலே இல்லை. 340 பவுண்டு!

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். 100 பவுண்டைத் தாண்டினால் 1974 நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவில் கார்டு நிறுவனமும் பொறுப்பு. 20 பவுண்டுத் தள்ளுபடி என்ற வலை, இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் செய்யத்தான். தைத்த கில்டின் எடையையும் நார் விவரத்தையும் முன்பே மெயிலில் எழுதி வாங்குங்கள். சாம்பிளில் பாதியை எரிக்காமல் வைத்திருங்கள், ஒப்பிட்டுக் காட்ட அது வேண்டும்.