கேன், குட், ஏபிள் டு: விளக்கம் நல்லா இருக்கு, பயிற்சிதான் சொதப்பல்

இங்கிலீஷ் இலக்கணம் சொல்லித்தரும் ஆப் ஒன்றில் மோடல் வினைகள், அதாவது கேன் (can), குட் (could), வில், மைட் மாதிரி இன்னொரு வினையோடு சேர்ந்து வரும் துணைவினைகள், பகுதியை முடித்தேன். மொத்த ஆப்பைப் பற்றியும் எழுதப் போவதில்லை, 'நம்மால் முடியும்' என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்ற பாடத்தைப் பற்றி மட்டும்.

ஆரம்பம் சுமார்தான். கேனுக்குப் பின்னால் 'டு' வராது, ஹீ, ஷீ வந்தாலும் 'எஸ்' ஒட்டாது, கேள்வி கேட்க கேனையே முன்னால் கொண்டுவந்தால் போதும், இதெல்லாம் எங்கேயும் கிடைக்கிற சரக்கு. ஆனால் 'வில் கேன்' ஏன் தப்பு என்பதற்கு இவர்கள் தரும் விளக்கம் அருமை: ஒரு வாக்கியத்தில் இரண்டு மோடல் அடுத்தடுத்து வராது, 'ஹேவ்' பின்னால் வரக்கூடிய வடிவமும் கேனுக்குக் கிடையாது, அதனால்தான் 'வில் பி ஏபிள் டு', 'மைட் பி ஏபிள் டு', 'ஹேவ் பீன் ஏபிள் டு' என்று போக வேண்டியிருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் மனப்பாடம் தேவையில்லை.

ஆடியோ இன்னும் நன்றாக இருக்கிறது. சாதாரணப் பேச்சில் 'ஐ கேன் கோ' என்பதில் கேன் அமுங்கி 'கன்' மாதிரி ஆகிவிடும், 'ஐ கான்ட் கோ' என்றால் அந்த இடத்தில் அழுத்தம் விழும். அமெரிக்கர்கள் பேசும்போது கடைசி 'ட்' பல சமயம் காதிலேயே விழாது, அழுத்தத்தை வைத்துத்தான் ஆளால் போக முடியுமா முடியாதா என்று பிடிக்க வேண்டும். பிரிட்டிஷ் உச்சரிப்பில் 'கா' நீளுவதால் அவ்வளவு சிரமம் இல்லை. இரண்டு உச்சரிப்பையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்க வைக்கிறார்கள். இதற்காகவே ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

அப்புறம் பயிற்சி. இங்கேதான் எரிச்சல். முன்பு பொதுவாக இருந்த திறமைக்கு 'குட்', ஒருமுறை முயன்று சாதித்ததற்கு 'வாஸ் ஏபிள் டு' அல்லது 'மேனேஜ்ட் டு', முடியவில்லை என்றால் இரண்டுக்குமே 'குடின்ட்' என்று பாடத்தில் சரியாகத்தான் சொல்கிறார்கள். சரி, இதை எப்படிச் சோதிக்கிறார்கள்? 'ஷீ டேஷ் ஓபன் த டோர்' என்று ஒற்றை வரி, குட், வாஸ் ஏபிள் டு இரண்டும் விடைப் பட்டியலில். பூட்டு இறுகிக் கிடந்து, எண்ணெய் விட்டு ஒருவழியாகத் திறந்தாளா, இல்லை அந்த வயதில் எந்தக் கதவையும் திறக்கும் அளவுக்கு அவளுக்குக் கை எட்டியதா, எதுவும் தெரியாது. முன்பின் கதை இல்லாமல் இந்த வித்தியாசத்தைக் கேட்பதே அபத்தம். ஊகித்து ஒன்றை அழுத்தினால் சிவப்பு விழுகிறது, ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. பார்ப்பது, கேட்பது, மணப்பது மாதிரி வினைகளோடு ஒரே ஒரு தருணத்துக்கும் 'குட்' வரும், அதைச் சொன்னது சரி, ஆனால் அங்கே 'வாஸ் ஏபிள் டு ஹியர்' என்று போட்டால் தப்பு என்கிறது. அது தப்பே இல்லை.

'குட் ஹேவ்' பாவம், இரண்டே வரியில் முடிந்துவிட்டது. செய்திருக்க முடியும், ஆனால் செய்யவில்லை என்று தினமும் பேசுகிறோம், அதற்கு ஒரு பயிற்சிகூட இல்லை. அந்த இடத்தில் 'கேன் யூ ஹெல்ப் மீ' என்று உதவி கேட்கும் வாக்கியங்களைத் திணித்திருக்கிறார்கள், அது திறமையைப் பற்றியதே இல்லை, வேறு பாடத்தில் இருக்க வேண்டியது.

அடிப்படை தெரிந்து, பேச்சைக் காதில் பிடிக்கத் திணறுகிறவர்களுக்கு இது பயன்படும். இப்போதுதான் தொடங்குகிறவர்கள் பயிற்சியில் வரும் மதிப்பெண்ணை நம்பினால் குழம்பிப்போவார்கள். கேள்வியில் தப்பு இருந்தால் சொல்ல ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள், அழுத்தினால் நன்றி என்று வருகிறது, மறுபடி திறந்தால் அதே கதவு, அதே டேஷ்.