சங்கத் தலைமைக்கு யார்: மூத்த பேராசிரியரா, பகுதிநேர ஆசிரியரா?

கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரி (இரண்டு வருஷப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) ஒன்றில் ஆசிரியர் சங்கத் தேர்தல் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்தியவர், நிரந்தரப் பணி. எதிரே நிற்பவர் செமஸ்டருக்கு செமஸ்டர் வகுப்பு கிடைக்குமா என்று காத்திருக்கும் பகுதிநேர ஆசிரியர்.

மூத்தவரின் பலம் பேச்சுவார்த்தை மேசையில் தெரியும். 1975ஆம் ஆண்டின் ராடா சட்டம் என்ற கலிஃபோர்னியா சட்டம்தான் ஆசிரியர் சங்கங்களுக்குச் சம்பளம், வேலை நேரம், வகுப்பில் எத்தனை மாணவர்கள் என்பதையெல்லாம் பேரம் பேசும் உரிமை தந்தது. ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு எந்தச் சண்டையில் வந்தது என்று அவருக்கு அத்துப்படி. நிர்வாகம் கையை விரித்தால் ரிசர்வ் நிதிக் கணக்கை எடுத்து வைத்துக் கேட்பார். டீனை முறைத்துக்கொண்டாலும் அவர் வேலைக்கு ஆபத்தில்லை. பகுதிநேரத்தவர் நிலை வேறு. பழிவாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறதுதான். "இந்த முறை மாணவர் சேர்க்கை குறைவு" என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்ப எவ்வளவு நேரமாகும்?

ஆனால் வலி அவரிடம்தான் இருக்கிறது. ஒரே கல்லூரி மாவட்டத்தில், அதாவது ஒரு பகுதியின் கல்லூரிகளை நடத்தும் நிர்வாகத்தின் கீழ், முழுநேர வேலைப்பளுவில் 67 சதவீதத்துக்கு மேல் அவருக்கு வகுப்பு தர முடியாது. அதனால்தான் காலையில் ஓர் ஊர், மாலையில் இன்னோர் ஊர் என்று ஃப்ரீவேயில் ஓட்டம். கற்பித்தலில் 75 சதவீதம் முழுநேரத்தவரிடம் இருக்க வேண்டும் என்ற இலக்கு 1988லேயே வந்தது. மாநில அளவில் இன்னும் எட்டவில்லை. இதில் ஓவர்லோட் வேறு: நிரந்தரப் பேராசிரியர் கூடுதல் சம்பளத்துக்கு எடுக்கும் வகுப்பு, பகுதிநேரத்தவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய வகுப்பு. சங்கத்துக்குள் யாரும் விரும்பிப் பேசாத விஷயம் இது.

லாங் பீச் சிட்டி காலேஜில் இரு தரப்புக்கும் தனித்தனிச் சங்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆசிரியர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பது நிர்வாகத்துக்கும் வசதிதான்.

என்னைக் கேட்டால், ஓட்டு மூத்தவருக்கே. 2022 பட்ஜெட்டில் பகுதிநேர ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கு மாநிலம் ஆண்டுக்கு 20 கோடி டாலர் ஒதுக்கியது. ஆனால் அந்தந்தக் கல்லூரி மாவட்டத்தில் பேசி ஒப்பந்தத்தில் ஏற்றினால்தான் பணம் வரும். அதற்குப் பழகிய கை வேண்டும். ஒரே நிபந்தனை: வேட்பாளர் கூட்டத்தில் ஓவர்லோடுக்கு வரம்பு வைப்பீர்களா என்று எழுந்து கேளுங்கள். "கமிட்டி போட்டுப் பார்க்கலாம்" என்று மழுப்பினால், ஓட்டை மற்றவருக்கே போட்டுவிடலாம்.