இதயத்தின் முறுக்கை அளக்க எக்கோவா, எம்.ஆர்.ஐ.யா?

ஈரத்துணியைப் பிழியும்போது இரண்டு கைகளும் எதிரெதிராகத் திரும்பும். இடது கீழறையும் ஒவ்வொரு துடிப்பிலும் அப்படித்தான் தன்னைப் பிழிந்துகொள்கிறது. நுனியிலிருந்து பார்த்தால், சுருங்கும்போது வால்வுப் பக்கம் கடிகார முள் திசையிலும் நுனி அதற்கு எதிராகவும் சுழலும். நுனி 10 டிகிரி, வால்வுப் பக்கம் 5 டிகிரி என்றால் முறுக்கு 15 டிகிரி. அளந்த இரண்டு வெட்டுகளுக்கும் (குறுக்குவெட்டுப் படங்களுக்கும்) இடையே 6 செ.மீ. இருந்தால், செ.மீ.க்கு 2.5 டிகிரி. பெரிய இதயத்தையும் சிறிய இதயத்தையும் ஒப்பிட இந்த இரண்டாவது எண்தான் வேண்டும்.

சுழற்சியின் அளவு துல்லியமாக வேண்டுமென்றால் தசை மீது கோடிட்டுப் பின்தொடரும் டேகிங் எம்.ஆர்.ஐ.யே உரைகல். முறுக்கு அவிழும் வேகம் வேண்டுமென்றால் எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட்.

டேகிங்கை 1988இல் ஜெரூனியின் குழு வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஆக்செலும் டோஹெர்ட்டியும் அதை எளிதாக்கினார்கள். ஈ.சி.ஜி.யில் ஆர் அலை (சுருக்கம் தொடங்கும்போது வரும் கூர்முனை) வந்தவுடன் ரேடியோ அலைத் துடிப்புகளால் தசை மீதே கருங்கோடுகள் இடப்படும். கோடு தசையோடு சேர்ந்து நகர்வதால், எவ்வளவு திரும்பியது என்று ஊகிக்க வேண்டியதில்லை. வெட்டுகளுக்கு இடையேயான தூரமும் சரியாகத் தெரியும். குறை என்னவென்றால், கோடுகள் மங்கிவிடும். 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் இதயத் தசையின் டி1 நேரம் (கோடு மங்கும் வேகத்தை முடிவுசெய்யும் மீட்சி நேரம்) ஏறத்தாழ 1 நொடி. ஆகவே தசை தளர்ந்து முறுக்கு அவிழும் கட்டத்தில், நாம் தேடும் நேரத்திலேயே, கோடுகள் வெளிறிப்போகின்றன. 3 டெஸ்லாவில் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். ஒரு படத்தைப் பல துடிப்புகளிலிருந்து சேர்த்து எடுப்பதால், துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்குக் குழம்பிவிடும். மூச்சை அடக்கவும் முடிய வேண்டும்.

ஸ்பெக்கிள் டிராக்கிங் எக்கோவில் கோடு போடுவதில்லை. தசைக்குள் இயல்பாகத் தெரியும் புள்ளிக் கோலத்தை மென்பொருள் பின்தொடர்கிறது. முறுக்கை இப்படி அளக்கலாம் என்று டேகிங்கோடு ஒப்பிட்டு 2005இல் காட்டினார்கள். நொடிக்கு 60 முதல் 90 ஃபிரேம் வரை வைத்தால் அவிழும் வேகம் தெளிவாகக் கிடைக்கும். அதைவிடக் குறைந்தால் உச்சம் மழுங்கும். மிகக் கூட்டினால் படத்தின் நுணுக்கம் போய்விடும்.

எக்கோவில் பெரும்பாலான பிழை நுனி வெட்டில்தான் நுழைகிறது. நுனியை நெருங்க நெருங்கச் சுழற்சி கூடும். வெட்டு சற்று மேலே ஏறினாலே எண் குறைந்துவிடும். வழக்கமான இடத்திலேயே புரோபை (மார்பில் வைக்கும் எக்கோ கருவியை) வைத்துச் சாய்த்தால் குறுக்கு வெட்டு முட்டை வடிவமாகும். ஒன்றிரண்டு விலா இடைவெளி கீழே இறக்குங்கள். பாப்பிலரித் தசைகள் (வால்வைத் தாங்கும், அறைக்குள் துருத்தும் தசைகள்) மறைந்து, அறை சிறிய வட்டமாகத் தெரிய வேண்டும். வால்வுப் பக்க வெட்டில் மிட்ரல் வால்வின் இதழ்கள் தெரிய வேண்டும். இரண்டும் வெவ்வேறு துடிப்புகள் என்பதால், இதயத் துடிப்பு வேகம் நெருக்கமாக உள்ள சுற்றுகளையே தேர்ந்தெடுங்கள். உச்சத்திலிருந்து உச்சத்தைக் கழிக்கக் கூடாது. ஒரே நேரப் புள்ளியில் கழிக்க வேண்டும் (எதிர்த் திசைச் சுழற்சிக்குக் குறி மாறுவதால், கழித்தால் மேலே பார்த்த கூட்டல்தான் வரும்). சுருங்கும்போது வால்வுப் பக்கம் 1 செ.மீ.க்கு மேல் கீழிறங்குவதால், வெட்டுக்குள் இருந்த தசை வெளியேறி வேறு தசை வந்து நிற்கும். முப்பரிமாண எக்கோ இதைத் தீர்க்கும். ஆனால் நொடிக்கு 20–30 படங்களோடு நின்றுவிடுவதால் அவிழும் வேகத்துக்கு அதை நம்ப முடியாது.

சாதாரண எம்.ஆர்.ஐ. படங்களில் விளிம்பைப் பின்தொடரும் ஃபீச்சர் டிராக்கிங் கூடுதல் ஸ்கேன் கேட்காது. ஆனால் வழுவழுப்பான வட்டம் சுழன்றால் விளிம்பில் என்ன தெரியும்? முறுக்குக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டோம்.

எந்த முறையானாலும், பெரிய எண்ணை நல்ல எண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளடுக்கு நாரும் வெளியடுக்கு நாரும் எதிரெதிர்ச் சுருள்கள். ஆரம் பெரிதென்பதால் வெளியடுக்கு வெல்கிறது. வயதாகும்போது உள்ளடுக்கு தளர்ந்தால், தடுப்பவர் இல்லாமல் முறுக்கு கூடவே செய்யும். ஆகவே அறிக்கையில் நுனி, வால்வுப் பக்கம் இரண்டின் சுழற்சியையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டும் ஒரே திசையில் சுழன்றால், நான்-காம்பாக்ஷன் (தசை இறுகாமல் பஞ்சுபோல் நிற்கும்) இதயத் தசை நோயா என்று பார்க்க வேண்டும். கூட்டு எண்ணை மட்டும் எழுதினால் அது மறைந்துவிடும்.