பட்டறைக் கத்தியா, எவர்சில்வர் கத்தியா: சாணையை முன்வைத்து ஓர் அலசல்

எங்கள் சமையலறையில் இரண்டு கத்திகள் உள்ளன. ஒன்று, தியாகராய நகரின் பாத்திரக் கடையொன்றில் 180 ரூபாய்க்கு வாங்கிய எவர்சில்வர் கத்தி. மற்றொன்று, மானாமதுரையில் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு மதுரை வழியாகத் திரும்பும்போது, திருப்பாச்சேத்தியில் 400 ரூபாய் கொடுத்து அடித்து வாங்கிய இரும்புக் கத்தி. அரிவாளுக்குப் பெயர்போன அந்த ஊரில் வெண்டைக்காய் நறுக்கக் கத்தி வேண்டும் என்று கேட்ட என்னைப் பட்டறைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் உலையை ஊதச் சொன்னார். இரண்டையும் இரண்டு ஆண்டுகள் மாற்றி மாற்றிப் புழங்கிய பிறகு, அன்றாடத்துக்குப் பட்டறைக் கத்தியே போதும் என்று முடிவு செய்தோம்.

அரிவாள்மணையை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. தேங்காய் துருவ அதுதான் இன்றும் எங்களுக்குக் கைகொடுக்கிறது; ஆனால் தரையில் உட்கார்ந்து அரிய அம்மாவைத் தவிர வீட்டில் வேறு யாருக்கும் முழங்கால் ஒத்துழைப்பதில்லை.

எல்லோரும் அறிந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எவர்சில்வரில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருப்பதால் அது எளிதில் துருப்பிடிப்பதில்லை, எடை குறைவு, கழுவிய ஈரத்தோடு போட்டுவைத்தாலும் மறுநாள் எடுத்துப் பயன்படுத்தலாம். பட்டறைக் கத்தி பெரும்பாலும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடிக்கப்படுவது. அந்த எஃகில் கரிமம் அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருக்கும், குரோமியம் பெயரளவுக்கே இருக்கும், ஆகவே துருப்பிடிக்கும். வாழைக்காயையும் வாழைப்பூவையும் அது கறுக்க வைக்கும். காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை போன்ற நிறம் வருவது இயல்பு. நறுக்கியதை உடனே மோர்த் தண்ணீரில் போட்டால் பெருமளவு தப்பிக்கலாம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் எவர்சில்வர்தான் வென்றிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதைத் தோற்கடித்தது சாணை.

வாங்கிய வாரத்தில் இரண்டு கத்திகளுமே தக்காளித் தோலை அழுத்தாமல் அறுத்தன. ஒன்றரை மாதத்தில் எவர்சில்வர் கத்தி தக்காளியை நசுக்கத் தொடங்கியது. தெருவில் சைக்கிளில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். கல் சுழன்ற வேகத்தில் பொறி பறந்தது. திரும்பி வந்த கத்தியின் விளிம்பில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு கோடு இருந்தது. அழகாக இருக்கிறதே என்று அப்போது நினைத்தேன். எஃகு அளவுக்கு மீறிச் சூடேறும்போது வரும் நிறம் அது என்பதும், அந்தச் சூட்டில் விளிம்பின் பதம் இறங்கிவிடக்கூடும் என்பதும் பின்னரே எனக்குத் தெரிந்தன. பத்தே நாளில் கத்தி பழையபடி மழுங்கியது.

அதன் பிறகு, ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்புமான கார்போரண்டம் கல் ஒன்றைப் பாரிமுனையின் ஹார்டுவேர் கடையில் வாங்கிவந்து வீட்டிலேயே தீட்டத் தொடங்கினேன். (அந்தக் கல்லின் பெயரைத் தாங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954 முதல் சென்னையில்தான் இருக்கிறது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.) இரண்டு கத்திகளின் குணமும் அப்போதுதான் பிரிந்து தெரிந்தது. விலை குறைந்த எவர்சில்வரைத் தீட்டினால் விளிம்பில் மெல்லிய பிசிர் எழுகிறது. அதைத் தேய்த்தால் உதிராமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மடிகிறது. அரை மணி நேரம் போராடி, கூர் வந்துவிட்டது என்று எடுத்து நறுக்கினால், மூன்றாம் வெங்காயத்தில் அந்தப் பிசிர் மடங்கிக் கத்தி வழுக்குகிறது. பட்டறைக் கத்தியில் பிசிர் சீக்கிரம் எழுந்து சீக்கிரம் உதிர்ந்துவிடுகிறது. கல்லில் தண்ணீர் தெளித்து, படுக்க வைத்த தீப்பெட்டியின் உயரத்துக்குக் கத்தியின் முதுகைத் தூக்கிப் பிடித்து, பக்கத்துக்குப் பதினைந்து இழுப்பு இழுத்தால் போதும். குக்கரில் மூன்றாம் விசில் வருவதற்குள் வேலை முடிந்துவிடும். என் கத்தி 4 சென்டிமீட்டர் அகலம் என்பதால் தீப்பெட்டிக் கணக்கு பொருந்துகிறது. அகலம் மாறினால் உயரத்தையும் மாற்ற வேண்டும். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் நாலு முறை தடவினால் செய்தித்தாளைத் தொங்கவிட்டே அறுக்கலாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை இதைச் செய்கிறேன். கிரானைட் மேடைமீது நேரடியாக நறுக்கினால் எந்தக் கத்திக்கும் இந்தக் கணக்கு செல்லாது, பலகை அவசியம்.

பட்டறைக் கத்தியின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. அதன் முதுகு மூன்று மில்லிமீட்டர் கனம் என்பதால் தடித்த கேரட்டை அது அறுப்பதைவிடப் பிளக்கவே செய்கிறது. பொரியலுக்குப் பொடியாக நறுக்கும்போது எவர்சில்வரின் மெல்லிய தகடுதான் மேல். ஐப்பசி அடைமழையில் ஒரே இரவு சிங்க்கில் கிடந்ததற்குச் செம்புள்ளிகள் பூத்துவிட்டன. புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துப் போக்கினேன். இப்போது துடைத்ததும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறோம். நல்லெண்ணெய் தடவிப் பார்த்தோம், நாளடைவில் பிசுபிசுத்தது. மாதங்கள் செல்லச் செல்லத் தகட்டில் சாம்பல் நிறத் தோல் ஒன்று படிந்து, துருவின் வேகம் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் மீனும் கோழியும் கடையிலேயே வெட்டி வாங்கப்படுவதால், எலும்பில் எந்தக் கத்தி தாங்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்வதற்கில்லை. விலை கூடிய எவர்சில்வர் கத்திகளின் எஃகு வேறு தரம். மேலே சொன்ன பிசிர்க் குறை என்னிடமுள்ள 180 ரூபாய்க் கத்திக்கே உரியது. பாத்திரம் கழுவ ஒருவரும் சமைக்க ஒருவருமாக இருக்கும் வீட்டில், கத்தியை உடனே துடைத்து வைக்கும் பொறுப்பை யாரும் ஏற்காவிட்டால், எவர்சில்வரையே வாங்கி மேற்கொண்டு ஒரு கல்லும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என்னுடையது. எவர்சில்வர் கத்தி இப்போது பால் பாக்கெட் வெட்டுகிறது.